ஒரே அணு, இரு இலக்கணங்கள்: இந்திய–பாகிஸ்தான் அணு ஆயுதத் தடுப்புத்திறன் குறித்த ஓர் ஒப்பாய்வு

1998ஆம் ஆண்டு மே மாதத்தில் பதினேழு நாள் இடைவெளியில் இந்தியாவும் பாகிஸ்தானும் அணு ஆயுதச் சோதனைகளை நடத்தித் தம்மை அணு ஆயுத நாடுகளாக அறிவித்துக்கொண்டன. அன்று முதல் இவ்விரு நாடுகளின் வலிமை பெரும்பாலும் எண்ணிக்கையை வைத்தே ஒப்பிடப்பட்டு வந்துள்ளது. ஸ்டாக்ஹோம் பன்னாட்டு அமைதி ஆய்வு நிறுவனம் 2025ஆம் ஆண்டின் தொடக்க நிலவரப்படி இந்தியாவிடம் ஏறத்தாழ 180 அணு வெடிமுனைகளும் பாகிஸ்தானிடம் ஏறத்தாழ 170 வெடிமுனைகளும் இருப்பதாக மதிப்பிட்டது. எண்ணிக்கை சமமானால் அச்சமும் சமமாகும், அச்சம் சமமானால் போர் மூளாது என்று இதைக் கொண்டு முடிவு கட்டுவது எளிது. ஆனால் ஓர் ஆயுதம் எந்தக் காயத்திலிருந்து பிறந்தது, எவரை நோக்கி நிற்கிறது, எவர் கையில் இருக்கிறது, எப்போது எடுக்கப்படும் என்பவற்றைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடு தராசில் கல்லை வைத்துக் கல்லையே நிறுப்பதற்கு ஒப்பாகும்.

இங்கு ஆளப்படும் 'தடுப்புத்திறன்' என்னும் சொல் எதிரியின் படையை வழிமறித்து நிறுத்தும் ஆற்றலைக் குறிப்பதன்று. தாக்கினால் தாங்கமுடியாத இழப்பு திரும்பி வரும் என்று எதிரியை நம்பவைத்து, தாக்கும் எண்ணத்தையே அவன் கைவிடும்படி செய்வதுதான் தடுப்புத்திறன். ஆகவே அது கிடங்கில் இருக்கும் பொருளைக் காட்டிலும் எதிரியின் மனத்தில் எழும் கணக்கையே சார்ந்திருக்கிறது. ஒருவர் விடுக்கும் எச்சரிக்கையை மற்றவர் அதே பொருளில் புரிந்துகொள்ள வேண்டுமானால் இருவரும் ஒரே இலக்கணத்தில் பேச வேண்டும். இந்தியாவும் பாகிஸ்தானும் அவ்வாறு பேசுவதில்லை என்பதும், தெற்காசியாவின் ஆபத்து வெடிமுனைகளின் தொகையைவிட இந்த இலக்கண வேறுபாட்டிலேயே மிகுதியாக அடங்கியிருக்கிறது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

இரு பிறப்புகள்

இந்திய அணுத்திட்டம் ஆயுதத் திட்டமாகத் தொடங்கவில்லை. ஹோமி பாபாவின் தலைமையில் 1948இல் அணுசக்தி ஆணையம் அமைந்தது. 1956இல் மும்பைக்கு அருகே டிராம்பேயில் 'அப்சரா' ஆய்வு உலை இயங்கத் தொடங்கியது. 1960இல் கனடாவின் உதவியோடும் அமெரிக்கா வழங்கிய கனநீரோடும் 'சைரஸ்' உலை செயற்பட்டது. யுரேனியம் எரியும் உலையில் துணைப்பொருளாக உருவாகும் புளூட்டோனியத்தை வேதிமுறையில் பிரித்தெடுத்தால் அது மின்னுற்பத்திக்கும் பயன்படும், குண்டுக்கும் பயன்படும். அமைதிக்கும் அழிவுக்கும் இடையே தனித்தனிப் பாதைகள் இல்லாத இந்த இரட்டைத்தன்மையே 1964 அக்டோபர் 16இல் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தபின் இந்தியாவின் விவாதத்தைத் திசைதிருப்பியது. 1962 எல்லைப் போரின் தோல்வி அப்போது ஆறாத புண்ணாக இருந்தது. 1974 மே 18இல் ராஜஸ்தானின் பொக்ரானில் சைரஸ் உலையின் புளூட்டோனியத்தைக் கொண்டு நடத்தப்பட்ட வெடிப்பை இந்திய அரசு 'அமைதி நோக்கிலான அணு வெடிப்பு' என்றே அழைத்தது. ஆயுதம் செய்யும் ஆற்றலைக் காட்டிவிட்டு ஆயுதம் செய்யாமல் காத்திருந்த இந்த நிலை 24 ஆண்டுகள் நீடித்தது.

பாகிஸ்தானின் திட்டம் பிறந்த வீடு வேறு. 1971 டிசம்பரில் கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்து வங்கதேசமானது. நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் அதனோடு போயினர். அடுத்த மாதமே, 1972 ஜனவரியில், சுல்பிகர் அலி புட்டோ முல்தான் நகரில் அறிவியலாளர்களைக் கூட்டி அணு ஆயுதத்துக்கான முடிவை எடுத்தார். பெருமிதமும் சீனாவும் இந்தியாவை உந்தியதைப் போலப் பாகிஸ்தானை உந்தியது நாடு மீண்டும் உடைக்கப்படக்கூடாது என்ற உயிரச்சம். 1975இன் இறுதியில் நெதர்லாந்திலிருந்து திரும்பிய உலோகவியலாளர் அப்துல் காதீர் கான் யுரேனியம் செறிவூட்டும் வழியைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே இஸ்லாமாபாத்துக்கு அருகே கஹூட்டாவில் அதற்கான ஆய்வுக்கூடம் எழுந்தது.

செறிவூட்டல் என்பது என்ன என்பதை இங்குச் சற்று நெருங்கிக் காணலாம். இயற்கை யுரேனியத்தில் பிளவுபடும் தன்மை கொண்ட யுரேனியம்-235 நூற்றுக்கு 0.7 பங்குதான் இருக்கிறது. ஆயுதத்துக்கு அது ஏறத்தாழ 90 விழுக்காடாக உயர வேண்டும். யுரேனியத்தை வாயுவாக்கி, ஆள் உயரத்துக்கு நிற்கும் மெல்லிய உலோகக் குழாய்க்குள் செலுத்தி, அக்குழாயை நொடிக்குப் பல நூறு முறை சுழலச் செய்தால், கனத்த அணுக்கள் சுவர்ப்பக்கம் ஒதுங்க, இலேசானவை நடுவில் தங்கும். நடுவில் தங்கியது அடுத்த குழாய்க்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்த குழாய்க்கு. இவ்வாறு ஆயிரக்கணக்கான குழாய்கள் சங்கிலியாக இணைந்தால்தான் பயன் கிட்டும். குழாயின் சமநிலை மயிரிழை தவறினாலும் அது சிதறிப்போகும் என்பதால் இத்தொழிலின் உயிர்நாடி நுட்பமான உதிரிபாகங்களில் இருக்கிறது. அவற்றைத் தேடிய வணிகமே பின்னாளில் மலேசியா வரை வந்து சேர்ந்தது.

பொக்ரானும் சாகாயும் அதன்பின்னும்

1998 மே 11, 13 ஆகிய நாள்களில் பொக்ரானில் ஐந்து வெடிப்புகள் நடந்ததாக இந்தியா அறிவித்தது. மே 28இல் பலூசிஸ்தானின் சாகாய் மாவட்டத்து மலையில் ஐந்தும், மே 30இல் காரான் பாலைநிலத்தில் ஒன்றும் நடந்ததாகப் பாகிஸ்தான் அறிவித்தது. பொக்ரான் பணியில் ரா. சிதம்பரம், ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், கே. சந்தானம் எனத் தமிழர் பலர் முன்னிலை வகித்தனர். சந்தானமே 2009இல் வெப்ப அணுக்கருச் சோதனை எதிர்பார்த்த ஆற்றலைத் தரவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். அரசு அதை மறுத்தது. தடுப்புத்திறன் என்பது எதிரியின் நம்பிக்கையைச் சார்ந்தது என்பதால், சொந்த அறிவியலாளரின் ஐயமும்கூட அதில் ஓர் அளவுகோலாகிவிடுகிறது என்பதை அந்த விவாதம் காட்டியது.

இந்தியாவின் கடல்சார் அணுவாற்றலில் தமிழ்நாட்டு மண்ணுக்கு நேரடிப் பங்கு உண்டு. அணு நீர்மூழ்கிக்கான உலையின் தரைமாதிரி கல்பாக்கத்தில்தான் இயக்கிப் பார்க்கப்பட்டது. அதன் வழியில் உருவான 'அரிஹந்த்' 2009இல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்டது. 2018 நவம்பரில் தன் முதல் தடுப்புக் காவல் பயணத்தை முடித்ததாக அறிவிக்கப்பட்டது. இரண்டாவதான 'அரிகாத்' 2024 ஆகஸ்டில் படையில் சேர்ந்தது. கடலுக்கடியில் மறைந்திருக்கும் கப்பலைத் தேடி அழிப்பது அரிது. நாடு முழுவதும் தாக்கப்பட்டாலும் அது எஞ்சி நின்று திருப்பித் தாக்கும். 'இரண்டாம் தாக்குதல் திறன்' எனப்படுவது இதுவே. ஆனால் மறைந்திருக்கும் கப்பலுக்குக் கட்டளை போய்ச்சேர வேண்டும். சாதாரண வானொலி அலைகள் கடல்நீருக்குள் புகுவதில்லை. மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள் மட்டுமே சில மீட்டர் ஆழம் வரை இறங்கும். அத்தகைய அலைகளை அனுப்பும் உயர்ந்த கோபுரங்களைக் கொண்ட கடற்படை நிலையம் 1990இலிருந்து திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில், கட்டபொம்மன் பெயரைத் தாங்கி இயங்கி வருகிறது.

பாகிஸ்தான் வேறு வழியில் வளர்ந்தது. குஷாபில் நான்கு உலைகளை அமைத்துப் புளூட்டோனியத்தையும் சேர்த்துக்கொண்டது. 2015இல் 2,750 கிலோமீட்டர் செல்லும் 'ஷாஹீன்-3' ஏவுகணையைச் சோதித்தது. இந்தியாவின் மிகத் தொலைவான தீவுத் தளங்களும் எட்டாத இடமாக இருக்கக்கூடாது என்பதே அதன் நோக்கம் என்று அந்நாட்டு அதிகாரிகள் விளக்கினர். இந்தியாவின் 'அக்னி-5' 5,000 கிலோமீட்டருக்கு மேல் செல்வது சீனாவை எண்ணி. பாகிஸ்தானை எட்ட அத்தனை தொலைவு வேண்டியதில்லை. ஒரு நாட்டின் கணக்கில் இரண்டு எதிரிகள் இருக்க, மற்றொன்றின் கணக்கில் ஒருவரே இருப்பதால், சீனாவை நோக்கிச் செய்யப்படும் ஒவ்வொன்றும் பாகிஸ்தானின் கண்ணில் தன்னை நோக்கியதாகவே படுகிறது.

இரண்டு கோட்பாடுகள்

இந்தியாவின் கோட்பாட்டு வரைவு 1999 ஆகஸ்டில் வெளியாயிற்று; அதை உருவாக்கிய தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்தின் தலைவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியம். அரசு ஏற்ற வடிவம் 2003 ஜனவரி 4இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு மூன்று தூண்கள் உண்டு. நம்பத்தக்க குறைந்தபட்சத் தடுப்புத்திறன், அதாவது போட்டிக்குப் போட்டி குவிக்காமல் போதுமான அளவே வைத்திருத்தல், முதல் தூண். அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்தாமை இரண்டாவது. அணுத்தாக்குதல் நேர்ந்தால் எதிரி தாங்கமுடியாத பேரளவுப் பதிலடி கொடுத்தல் மூன்றாவது. உயிரியல், வேதியியல் ஆயுதங்களால் பெருந்தாக்குதல் நேர்ந்தால் அணுப்பதிலடிக்கான உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும் விலக்கும் அதில் உண்டு. ஆணையிடும் உரிமை பிரதமரைத் தலைவராகக் கொண்ட அரசியல் குழுவிடமே இருக்கிறது.

பாகிஸ்தான் இத்தகைய முழுமையான ஆவணத்தை வெளியிட்டதில்லை; வெளியிடாமையே அதன் உத்தியின் பகுதி. தலைமையமைச்சரின் கீழ் தேசியக் கட்டளை ஆணையம் இருப்பினும், அன்றாட நிர்வாகம் இராணுவத்தின் உத்திசார் திட்டப் பிரிவிடம் இருக்கிறது. அப்பிரிவின் நெடுங்காலத் தலைவரான காலித் கித்வாய் 2002இல் இத்தாலிய ஆய்வாளர்களிடம் நான்கு வரம்புகளைச் சுட்டினார்: நிலப்பரப்பின் பெரும்பகுதி பறிபோதல், படைகளின் பெரும்பகுதி அழிதல், பொருளாதாரக் கழுத்து நெரிபடுதல், உள்நாட்டு நிலைகுலைவு. இவற்றுள் எந்த இடத்தில் வரம்பு கடக்கப்படும் என்பது வேண்டுமென்றே தெளிவின்றி விடப்பட்டது. மரபுப்படையில் வலிய அண்டை நாட்டை எதிர்கொள்ளும் எளிய நாடு, 'எங்கே கோடு இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, ஆகவே அருகில் வராதே' என்று சொல்லும் மொழி இது.

2001 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் தாக்கப்பட்டபின் இருநாட்டுப் படைகளும் பத்து மாதங்கள் எல்லையில் எதிரெதிரே நின்றன. பெரும்படையைத் திரட்ட நெடுநாள் ஆகிறது, அதற்குள் உலகநாடுகள் தலையிடுகின்றன என்ற பாடத்திலிருந்து, சிறு பிரிவுகள் விரைந்து எல்லை கடந்து குறைந்த ஆழத்துக்குள் தாக்கித் திரும்பும் திட்டத்தை இந்தியப் படை உருவாக்கியது. பாகிஸ்தானின் விடை 2011 ஏப்ரலில் சோதிக்கப்பட்ட, 60 கிலோமீட்டரே செல்லும் 'நஸ்ர்' ஏவுகணை. நுழையும் படையை எல்லையிலேயே சிறு அணுகுண்டால் எதிர்கொள்வோம் என்பது அதன் பொருள். பெரிய போர், சிறிய போர், களச்சண்டை என எல்லாப் படிநிலைகளிலும் அணு ஆயுதத்தை நிறுத்தும் இந்நிலையைப் பாகிஸ்தான் 'முழுவீச்சுத் தடுப்புத்திறன்' என்கிறது.

இரு கோட்பாடுகளும் மோதும் இடம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. தன் மண்ணில் புகுந்த படையின்மீது பாகிஸ்தான் ஒரு சிறு குண்டை வீசினால், தன் கோட்பாட்டின்படி இந்தியா நகரங்களையே அழிக்கும் பேரளவுப் பதிலடி கொடுக்க வேண்டும். இந்தியா அவ்வாறு செய்யாது என்று பாகிஸ்தான் கணக்கிடுகிறது. பாகிஸ்தான் சிறு குண்டை வீசத் துணியாது என்று இந்தியா கணக்கிடுகிறது. ஒவ்வொருவரும் மற்றவரின் உறுதிமொழியை நம்பாததன் மேல்தான் இவ்விரு கணக்குகளும் நிற்கின்றன. எதிரி தன் சொல்லை நம்ப வேண்டும் என்பது தடுப்புத்திறனின் முதல் விதியானால், இந்நிலையைத் தடுப்புத்திறன் என்று அழைப்பதே கேள்விக்குரியதாகிறது.

நெருக்கடிகள் கற்பித்தவை

பேரழிவு அச்சம் பெரும்போரைத் தடுக்கும்போது, அந்தப் பாதுகாப்பின் நிழலிலேயே சிறு மோதல்கள் துணிவோடு வளரும் என்ற கருத்தை 1965இல் கிளென் ஸ்நைடர் முன்வைத்தார். ஆய்வாளர் இதை 'நிலைப்பும் நிலைகுலைவும்' என்னும் முரண் என்பர். சோதனைகள் முடிந்து ஓராண்டுக்குள் மூண்ட கார்கில் போர் அதன் தெளிவான சான்று. 2016இல் எல்லைக்கோட்டைக் கடந்த தரைப்படைத் தாக்குதல், 2019 பிப்ரவரியில் பாலாகோட் வான்தாக்குதல், 2025 மே மாதத்தில் நான்கு நாள் ஏவுகணை, ஆளில்லா விமானச் சண்டை என ஒவ்வொரு நெருக்கடியும் முந்தையதைவிட ஒரு படி மேலே தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அணுகுண்டு வெடிக்கவில்லை என்பது உண்மை. அதைத் தடுப்புத்திறனின் வெற்றியாகக் கொள்வோர், படி உயர்ந்துகொண்டே போவதையும் அதே கணக்கில் எழுத வேண்டும்.

2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலையை அடுத்து சிந்துநதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தபோது, நீரைத் தடுப்பது போர்ச்செயலாகக் கருதப்படும் என்று பாகிஸ்தான் அறிவித்தது. கித்வாய் சுட்டிய 'பொருளாதாரக் கழுத்து நெரிப்பு' என்னும் வரம்பை நினைவில் வைத்துப் படித்தால் அந்த அறிவிப்பின் கனம் விளங்கும்.

பிழையும் உண்டு. 2022 மார்ச் 9 அன்று பராமரிப்புப் பணியின்போது இந்தியாவின் சீர்வேக ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பறந்து பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, உயிரிழப்பும் இல்லை. இந்தியா தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆனது. இந்நாடுகளுக்கிடையே ஏவுகணைகளின் பறப்பு நேரமோ சில நிமிடங்கள்தாம். சியா மியான், ஆர். ராஜாராமன், எம்.வி. ரமணா ஆகிய மூன்று இயற்பியலாளர், எல்லையின் இருபுறமும் வேர்கொண்டவர்கள், 2003இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், முன்னெச்சரிக்கைக் கருவிகள் இருந்தாலும் ஆராய்ந்து முடிவெடுக்கப் போதிய நேரம் கிடைக்காது என்று காட்டினர். இரண்டு நாள் மௌனத்தையும் சில நிமிடப் பறப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஆபத்தின் அளவு புரியும்.

மலேசியத் தமிழர்க்கு இதில் என்ன

இதை அயல்வீட்டுச் சச்சரவாக எண்ணுவதற்கு வரலாறு இடம் தரவில்லை. 2003 அக்டோபரில் லிபியாவுக்குச் சென்ற சரக்குக் கப்பலொன்று இத்தாலியத் துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டபோது, அதில் இருந்த மையவிலக்குக் கருவிப் பாகங்கள் மலேசியத் தொழிற்சாலையொன்றில் கடையப்பட்டவை எனத் தெரியவந்தது. அப்துல் காதீர் கானின் வலைப்பின்னலுக்காக அவ்வேலையை ஏற்பாடு செய்தவர் இலங்கையரான பி.எஸ்.ஏ. தாஹிர், பாகங்கள் எதற்கானவை என்று தொழிற்சாலைக்குத் தெரியாது என 2004இல் மலேசியக் காவல்துறையின் அறிக்கை கூறியது. இத்தகைய பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் உத்திசார் வணிகச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது.

மலேசிய மண்ணுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சி போன்ற இந்தியக் கடற்கரைகளின் மணலில் கிடைக்கும் மோனசைட் கனிமத்தில் தோரியம் இருப்பதால்தான் தோரியத்தை இறுதி இலக்காகக் கொண்ட மூன்றுகட்டத் திட்டத்தைப் பாபா வகுத்தார். அதே மோனசைட் பேராக்கின் ஈயச் சுரங்கக் கழிவு மணலான 'அமாங்'கிலும் உண்டு. அதைப் பதப்படுத்திய ஆலை 1982 முதல் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் இயங்கியபோது, தோரியக் கழிவை எங்கே, எப்படி வைக்கிறார்கள் என்பதைப் பாப்பான், புக்கிட் மேரா மக்கள் போராடித்தான் அறிந்துகொண்டனர். 1985இல் வழக்குத் தொடுத்து, 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்று, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றாலும், 1994இல் ஆலை மூடப்பட்டதை அவர்கள் கண்டனர். அணுப்பொருள் தொடர்பான எதிலும் மறைக்கப்பட்ட தகவலே முதல் ஆபத்து என்பதை அந்த எளிய மக்கள் தம் உடல்நலத்தை விலையாகக் கொடுத்து உலகுக்கு உணர்த்தினர்.

இனி வரக்கூடியதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தெற்காசிய நகரங்கள்மீது ஹிரோஷிமா அளவிலான நூறு குண்டுகள் வீசப்பட்டால் எரியும் நகரங்களின் கரி ஏறத்தாழ 50 லட்சம் டன் மேல்வளிமண்டலத்தில் ஏறி, கதிரொளியை மறைத்து, உலக வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியசுக்கு மேல் தாழ்த்தி, பருவமழையைக் குறைக்கும் என்று ஆலன் ரோபாக் குழுவினர் 2007இல் கணினி மாதிரிகளால் கணக்கிட்டனர். பெர்ணம் ஆற்றின் வடகரையில் ஹுத்தான் மெலிந்தாங் மக்களுக்கும், ஆற்றுக்குத் தெற்கே சபாக் பெர்ணம், செக்கிஞ்சான் உழவர்களுக்கும் இது வெறும் கணக்கன்று. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளரிசி ஏற்றுமதியைத் தடைசெய்த சில வாரங்களில் மலேசியாவில் இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏறியது. மலிவான உள்ளூர் அரிசி கடைகளிலிருந்து மறைந்தது. ஒரு வணிக ஆணைக்கே சோற்றுப்பானை இவ்வளவு ஆடியது என்றால், மழை தவறும் ஆண்டுகளில் அது என்னவாகும் என்பதைத் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இருக்கும் கருவிகள்

இந்தியாவும் பாகிஸ்தானும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. மலேசியா 2020இல் ஏற்புறுதி செய்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்திலும் சேரவில்லை. முழு ஒழிப்பே இறுதி நெறி என்பதில் ஐயமில்லை; அணுச் சோதனைகளை நிறுத்தக் கோரி, 1962இல் தம் எண்பத்து மூன்றாம் வயதில் ராஜாஜி வாஷிங்டன் சென்று கென்னடியைச் சந்தித்தது அந்த நெறியைத் தமிழ் மண் முன்பே ஏற்றதற்குச் சான்று. ஆயினும் அந்த நாள் வரும்வரை இரு இலக்கணங்களுக்கும் இடையே ஓர் அகராதியாவது வேண்டும்.

அதன் முதல் பக்கம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. ஒருவர் மற்றவரின் அணுநிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி முதல் நாளும் புதுதில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் தூதரக அதிகாரிகள் தத்தம் நாட்டு அணுநிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றனர். கார்கில் போருக்குப் பின்னும், மும்பைத் தாக்குதலுக்குப் பின்னும், பாலாகோட்டுக்குப் பின்னும் அது நின்றதில்லை; 2025இல் நடந்தது 34ஆவது பரிமாற்றம். எந்த நிலையம் எங்கே இருக்கிறது என்ற இரகசியத்தை எதிரியிடமே ஒப்படைப்பதுதான் அதைக் காக்கும் வழி என்று இரு அரசுகளும் இந்த ஓரிடத்தில் மட்டும் ஒப்புக்கொண்டுள்ளன.

அதே நியாயத்தை நீட்டினால் செய்யவேண்டியவை தெளிவாகின்றன. 2005இல் ஏற்பட்ட முன்னறிவிப்பு உடன்பாடு எறிவகை ஏவுகணைச் சோதனைகளுக்கு மட்டுமே பொருந்தும். மியான் சன்னுவில் விழுந்தது போன்ற சீர்வேக ஏவுகணைகளையும் அதில் சேர்க்கலாம். தவறு நேர்ந்த சில நிமிடங்களுக்குள் உண்மையைச் சொல்லும் கடமையை இருதரப்புப் படைத்தலைமைகளின் நேரடித் தொலைபேசித் தொடர்புக்கு விதியாக்கலாம். குறுந்தொலைவு ஏவுகணைகளை வெடிமுனை பொருத்தாமல் எல்லையிலிருந்து தள்ளி வைப்பதாக இருவரும் உறுதி தரலாம். இவற்றுள் எதுவும் எவருடைய ஆயுதத்தையும் குறைப்பதில்லை. முடிவெடுக்கும் மனிதருக்கு நேரத்தைக் கூட்டித் தருகின்றன. சில நிமிடங்கள் பல நிமிடங்களாவதில்தான் லாகூரும் அமிர்தசரசும், அவற்றுக்கு அப்பால் பெர்ணம் ஆற்றங்கரை வயல்களும் பிழைத்திருக்கும் வாய்ப்பு அடங்கியிருக்கிறது.